ரீவைண்டு அண்ணனும் அறுபத்திரண்டாம் நம்பரும்

கனடா நாட்டுப் பல்கலைக்கழக ஃபுட்பாலைப் பற்றி ரீவைண்டு அண்ணனைவிட அதிகம் தெரிந்த ஆள் சென்னையில் ஒருவர் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். கனடாவிலேயே அவ்வளவு தெரிந்தவர்கள் நாலைந்து பேர் தேறினால் அதிகம். இத்தனைக்கும் அவர் பட்டினப்பாக்கத்தை விட்டு வேறெங்கும் குடியிருந்ததில்லை. பனிக்கட்டியோடு அவருக்கு இருந்த ஒரே பழக்கம், மனைவியின் மீன் கடையில் இருக்கும் ஐஸ்பெட்டிதான்.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நந்தனத்தில் அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு அணிகள் தங்கள் மேட்ச் வீடியோவை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் என்ன நடந்தது என்று கட்டங்களில் நிரப்பித் திருப்பி அனுப்புவோம். அதை வைத்துக்கொண்டு அங்கே கோச்சுகள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவுக்கு வாய்த்தது கனடாவில் ஒரு பல்கலைக்கழக அணி. எந்தப் பல்கலைக்கழகம் என்று வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பச்சைச் சட்டைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்பால் என்றதும் நம் ஊர் ஃபுட்பாலை நினைத்துவிட வேண்டாம். இது பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். எதிரணி மேலே விழுந்து தடுக்கும். பத்து கஜம் முன்னேற மூன்றே வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து அவர்களுக்கு. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர், தலையில் கவசம், தோளில் திண்டு. ஆறேழு நொடியில் எல்லோரும் மோதி விழுவார்கள், எழுந்து வரிசையில் நிற்பார்கள், மறுபடி மோதுவார்கள். ஒரு மேட்சில் நூற்றைம்பது தடவைக்கு மேல் இதே கூத்து. முதல் வாரம் பார்த்தபோது, இவ்வளவு படித்த பிள்ளைகளுக்கு இது தேவையா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அங்கே சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் நமக்கு ஞாயிறு காலை வீடியோ வந்துவிடும். மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். ஊரே பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் ஆபீசில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம். குழுத் தலைவி என்ற பட்டத்தோடு நான், ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வரும் தில்ஷாத், அப்புறம் ரீவைண்டு அண்ணன்.

அண்ணன் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன் இருபது வருஷம் கல்யாண வீடியோ எடிட்டிங். இன்டர்வியூவில் மேனேஜர், "ஃபுட்பால் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படி?"

"மாப்பிள்ளை யாருன்னு தெரியாமத்தான் சார் எல்லாக் கல்யாணமும் எடிட் பண்ணேன். ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தா புரிஞ்சிடும்."

ரெண்டு வாட்டி என்று அவர் சொன்னது சுத்தப் பொய். நாங்கள் ஒரு துண்டை இரண்டு முறை பார்த்துவிட்டு நகர்ந்தால், அவர் பதினோரு முறை பார்ப்பார். பின்னால் ஓட்டுகிற பொத்தான் தேய்ந்து இரண்டு கீபோர்டு மாற்றினோம். பெயர் அப்படித்தான் வந்தது. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்ப்பார்.

வியாதி கம்ப்யூட்டரோடு நிற்கவில்லை. தில்ஷாத் ஒருநாள் வாடகை வீட்டு ஓனரோடு தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்ட கதையை ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சகட்டத்தில், அவள் பதிலுக்குப் பதில் கொடுத்த இடத்தில், அண்ணன் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் பின்னாடி போம்மா. அந்தாளு கதவத் தொறக்கச்சொல்லோ கால்ல செருப்பு இருந்துச்சா?"

"அது எதுக்குண்ணா?"

"செருப்பு போட்டிருந்தா வெளிய கிளம்பிக்கினு இருந்தான்னு அர்த்தம். அவனுக்கு அவசரம். உன்மேல கோவம் இல்ல."

தில்ஷாத் யோசித்துப் பார்த்தாள். செருப்பு இருந்ததாம். அத்தோடு அந்தச் சண்டையே சப்பென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் இருக்கும்போது அவள் எந்தச் சண்டையையும் சொல்வதில்லை.

ஃபுட்பாலை அவர் புரிந்துகொண்ட விதமே தனி. பந்தை வாங்கி வீசுகிறவன் மாப்பிள்ளை. அவனைச் சுற்றி அரண் கட்டி நிற்கும் தடியர்கள் பெண் வீட்டு மச்சான்கள். கோட்டுக்கு வெளியே குதிக்கும் தலைமைக் கோச் பெரியப்பா. எப்போதாவது கூப்பிட்டால் மட்டும் உள்ளே வந்து, ஒரே ஒரு உதை உதைத்துவிட்டு, தவறிப்போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிறவன் ஒன்றுவிட்ட சித்தப்பா. இந்த உறவுமுறை மனதில் பதிந்த பிறகு எனக்கே ஆட்டம் விளங்க ஆரம்பித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கனடா ஆட்டத்தில் ஒரு விநோத விதி உண்டு. சித்தப்பா உதைத்த பந்து கம்பத்துக்கு நடுவே போகாமல் விலகிப் போனாலும், எதிராளி அதைத் தன் கோட்டைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாவிட்டால் ஒரு பாயின்ட் கிடைக்கும். அண்ணனுக்கு இதில் அப்படி ஒரு சந்தோஷம். கீழே டீக்கடைக்காரருக்கு இரண்டு கண்ணாடி கிளாசையும் பன்னையும் வைத்து விளக்கிக் காட்டினார்.

"தப்பா உதைச்சாலும் வெறுங்கையோட அனுப்ப மாட்டான். ஒரு பாயின்ட் குட்து அனுப்புவான். இன்னா ஒரு மரியாத பாரு."

டீக்கடைக்காரர் அதிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும், "நம்ம பச்சச் சட்டை இன்னாச்சு?" என்று விசாரிக்கத் தொடங்கினார். பதில் எப்போதும் ஒன்றுதான். அந்த சீசனின் எட்டு ஆட்டத்தில் முதல் ஐந்தையும் பச்சைச் சட்டை வரிசையாகத் தோற்றது.

எங்கள் கட்டங்களில் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'குறிப்பு'. அதில் இஷ்டத்துக்கு எழுதக்கூடாது. ஆறே ஆறு குறியீடுகள் உண்டு, அவற்றில் ஒன்றைப் போடலாம், அல்லது காலியாக விடலாம். ஆறில் சேராத ஒரு வார்த்தை இருந்தாலும் மொத்த ஃபைலும் திரும்பி வந்துவிடும். நான்காவது ஆட்டத்தில் அண்ணன் எண்பத்தெட்டாவது வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்: எட்டாம் நம்பர் ஆட்டக்காரனின் வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது.

ஃபைல் திரும்பி வந்தது. கனடாவிலிருந்து மெயிலும் வந்தது. மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பொறுமையாகத் திட்டினார். வெளியே வந்து நான் அண்ணனைத் திட்டினேன். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"பந்த எல்லாரும் பாக்கறாங்க மேடம். கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய எல்லாரும் பாக்கற மாதிரி. எடிட்டருக்கு அதுவா வேலை? மூணாவது வரிசையில குந்திகினு கீற அத்தைய விட்டுட்டா, கேசட் போன அன்னிக்கே வூட்டுல சண்டை. வந்தவங்க எல்லாரையும் ஒரு வாட்டியாச்சும் பாக்கணும்."

"இது கல்யாணம் இல்ல அண்ணே."

"இருபத்தினாலு பேரு வந்துகீறாங்களே."

மேனேஜர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்: இன்னொரு முறை குறிப்புக் கட்டத்தில் கைவைத்தால் வேலை கிடையாது. அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆறாவது ஆட்டத்தில் பச்சைச் சட்டை ஜெயித்தது. தில்ஷாத் எழுந்து நின்று கைதட்டினாள். மீதி இரண்டையும் ஜெயித்துவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வடகிழக்குப் பருவமழை நந்தனத்தை நனைத்துக்கொண்டிருந்தது, திரையில் கனடாவின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. மணி மூன்று. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"மேடம், கொஞ்சம் வர்றீங்களா. அறுபத்திரண்டு பையனுக்கு இன்னாவோ ஆயிடுச்சு."

அறுபத்திரண்டு என்றால் மச்சான்களில் ஒருவன். பந்தைத் தொடவே மாட்டான். மோதித் தடுப்பது மட்டும்தான் அவன் வேலை. ஆறு ஆட்டம் பார்த்தும் அப்படி ஒருவன் இருப்பதை நான் கவனித்ததில்லை. அண்ணன் ஒரு துண்டை ஓட்டினார். நான் வழக்கம்போல் பந்தையே பார்த்தேன். "நல்ல ஓட்டம்" என்றேன். அவர் உள்ளங்கையைத் திரையில் வைத்துப் பந்து போகும் பக்கத்தை மறைத்தார்.

"இப்பப் பாருங்க."

பார்த்தேன். இரண்டு பெரிய உடம்புகள் தலையோடு தலை மோதின. அறுபத்திரண்டு விழுந்தான். எல்லோரும் எழுந்த பிறகும் எழவில்லை. எழுந்ததும் எதிரணிக்காரர்கள் கூடியிருந்த பக்கமாக நாலடி நடந்தான், நின்றான், திரும்பித் தன் ஆட்களிடம் வந்தான். அடுத்த துண்டில் குனியும்போது தடுமாறி ஒரு கையை ஊன்றினான். அதற்கடுத்ததில் பக்கத்திலிருந்தவன் அவன் சட்டையைப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்தினான். இப்படிப் பத்தொன்பது துண்டுகள். ஆட்டம் முடியும்வரை அவன் மோதிக்கொண்டே இருந்தான்.

"அங்க டாக்டர் இருப்பாங்கல்ல அண்ணே?"

"இருப்பாங்க. அவங்களும் பந்தப் பாத்துக்கினு இருந்தா?"

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் மறுபடி இறங்கி மறுபடி தலையால் மோதுவான். அதற்குள் அங்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே மெயில் போகாது. கனடாவுக்கு எழுதும் அதிகாரம் மேனேஜருக்கு மட்டும்தான். மேனேஜரோ தி. நகரில் கொழுந்தியாள் மகன் கல்யாணத்தில் இருந்தார். நான் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டாரு மேடம்" என்றார் அண்ணன். "காலையில முகூர்த்தம்னா ஆளு இப்ப வேட்டியில கீறாரு. போனு பேன்ட்டு பாக்கெட்டுல. பேன்ட்டு மாப்பிள்ள ரூம்ல ஆணியில தொங்கிக்கினு கீது. சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மாத்தும்போதுதான் பாப்பாரு."

இருபது வருஷ அனுபவம் பேசியது. நான் விடாமல் கூப்பிட்டேன். மணி ஐந்தானது.

"அந்த எம்பத்தெட்டாவது வரிசை திரும்பி வந்துச்சே" என்றார் அண்ணன் திடீரென்று. "கூடவே மெயில் போட்டாங்களே, இந்த வார்த்தைய எடுங்கன்னு. அத மெஷினா எழுதிச்சு?"

"இல்ல. யாரோ அங்க உக்காந்து பாக்கறவங்க."

"அப்ப ஃபைலு ஒயுங்கா போனா யாரும் படிக்க மாட்டான். தப்பாப் போனா ஒரு ஆளு படிப்பான். அப்டித்தான?"

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "உங்க வேலை போயிடும் அண்ணே. எழுத்துல குடுத்திருக்காரு. கொஞ்சம் இருங்க, இன்னொரு தடவை அவரைப் பிடிக்கறேன்." போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் நன்றாக இருக்குமே என்று வராந்தாவுக்குப் போனேன்.

சிக்னல் உள்ளேயும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அந்த அறையைவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது, அதுதான் உண்மை. திரும்பி வந்தபோது தில்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அண்ணன் தன் பெயரில் உள்ள கணக்கிலிருந்து ஃபைலை அனுப்பிவிட்டிருந்தார். பத்தொன்பது வரிசையிலும் குறிப்புக் கட்டத்தில் ஒரே வாக்கியம்: அறுபத்திரண்டுக்கு உடம்பு சரியில்லை, அவனைப் பாருங்கள். நான் வந்து என் பெயரில் அனுப்பியிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அனுப்பியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஃபைல் ஏழு மணிக்குத் திரும்பி வந்தது. திங்கட்கிழமை மேனேஜர் கையில் மஞ்சள் கயிறு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். "போன் பேன்ட்ல மாட்டிக்கிச்சு, பேன்ட் மாப்பிள்ளை ரூம்ல இருந்துது" என்று தானாகவே ஆரம்பித்தார். தில்ஷாத்துக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடி அறையில் நான் அந்தத் துண்டுகளைப் போட்டுக் காட்டப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, அண்ணனுக்கு எழுதிக் கொடுத்த எச்சரிக்கையின் நகலைத்தான் பார்த்தார். பதினொரு மணிக்கு அண்ணன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பையன் கீறானான்னு மட்டும் பாத்து சொல்லுங்க மேடம்."

அடுத்த ஞாயிறு வீடியோ வந்ததும் நான் பந்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மச்சான்களை மட்டும் பார்த்தேன். வரிசையில் அறுபத்திரண்டு இல்லை. கோட்டுக்கு வெளியே, கொட்டும் பனியில், கவசம் இல்லாமல், கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு ஒரு பெரிய உடம்பு நின்றிருந்தது. உடனே பட்டினப்பாக்கத்துக்குப் போன் போட்டேன்.

"ஆடல அண்ணே. வெளிய நிக்கறான்."

அந்தப் பக்கம் மீன் கடைச் சத்தம். அதற்கு நடுவே, "நேரா நிக்கறானா?" என்றார்.

"நேரா நிக்கறான்."

"செரி மேடம்" என்று வைத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் பச்சைச் சட்டை ஒரே ஒரு பாயின்ட்டில் தோற்று, அடுத்த சுற்றுக் கனவை மூட்டை கட்டியது. அந்த ஒரு பாயின்ட்டும் எதிராளியின் சித்தப்பா தப்பாக உதைத்து வாங்கியது.

வியாழக்கிழமை பெரியப்பாவிடமிருந்தே, அதாவது தலைமைக் கோச்சிடமிருந்தே, மெயில் வந்தது. பையன் தலை சுற்றலை யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறான், அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில். எங்கள் ஃபைலைப் படித்தவன் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். பரிசோதித்த டாக்டர், இன்னொரு அடி பட்டிருந்தால் விபரீதமாகியிருக்கும் என்றாராம். உங்களில் யார் இதைப் பார்த்தது என்று கேட்டிருந்தார். மேனேஜர் கூசாமல், எங்கள் தரக் கட்டுப்பாட்டு நடைமுறை அதைக் கண்டுபிடித்தது என்று பதில் போட்டார். உடனே மறுபதில் வந்தது: அந்த நடைமுறையின் பெயர் என்ன, அவர்தான் இனி எங்கள் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும்.

மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டே சம்பளச் சீட்டைத் தேடி அண்ணனின் நிஜப் பெயரை எழுதினார். அப்புறம் அவரே போன் செய்து கூப்பிட்டார். கடைசி ஆட்டத்துக்கு அண்ணன் வந்துவிட்டார், மனைவி கொடுத்த வறுத்த நெத்திலியோடு. எதையுமே தீர்மானிக்காத அந்த ஆட்டத்தை அவர் மற்ற ஆட்டங்களைவிட மெதுவாகப் பார்த்தார். கனடாக்காரர்கள் குறிப்புக் கட்டத்துக்கு ஏழாவதாக ஒரு குறியீடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். இந்த ஆளைக் கவனியுங்கள் என்று அர்த்தம். அண்ணன் அன்று அதை ஒரே ஒரு இடத்தில்தான் போட்டார், அதுவும் பெரியப்பாவுக்கு. "இருமிக்கினே கீறாரு மேடம், பனியில எதுக்கு இப்டி நிக்கணும்" என்றார்.

வேலை முடிந்து நான் பையை எடுத்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"இன்னா மேடம், தோள் வலியா?"

"எதுக்கு அண்ணே கேக்கறீங்க?"

"போன மாசத்துலேர்ந்து பைய எடது பக்கமே மாட்றீங்க. டாக்டராண்ட போங்க."

மந்தைவெளியில் என் வீட்டில் என்னைத் தவிர நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனேன். அண்ணன் இல்லாத அந்தப் பதின்மூன்று நாளும் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு நான் என்ன பாடுபட்டேன் என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.